பூட்டுக்கு அப்பால் ஐந்து தெருக்கள்

ஜூன் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்கிறது. கையால் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அலுவலகம் போகப் பத்தரை ஆகிவிட்டது. அவர் ஓசூரில் வேலையில், மகள் கல்லூரி விடுதியில். ஒருத்தி துணிக்கு மெஷின் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் செய்கிறேன்.

சம்சுதீன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். எங்கள் ‘திசைமணி’ செய்தித் தளத்துக்கு இருக்கும் ஒரே முழுநேர நிருபர். ஏழு தெருக்களில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கோவை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தான். முடிவு வந்துவிட்டது. ஐந்து தெருக்களில் சாக்கடை கலந்திருக்கிறது. நகராட்சி இதுவரை வாய் திறக்கவில்லை.

“சுலோ அக்கா, இது வேற எவன்கிட்டயும் இல்ல. நம்மகிட்ட மட்டுந்தான்” என்றான். காகிதத்தை வாங்கி முதலில் என் தெரு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூன் 5, புதன்

நாள் முழுக்க அதே கட்டுரைதான். செப்பனிடுவதும் தலைப்பு வைப்பதும் என் வேலை. சம்சு எழுதினால் கோபம் முன்னால் வரும், செய்தி பின்னால் வரும். கோபத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

ஆசிரியர் திருமலைசாமி சார் உற்சாகமாக இருக்கிறார். மார்ச்சில் தளத்துக்குக் கட்டணம் வைத்தோம். முதல் சில பத்திகளை யாரும் படிக்கலாம், அதற்குக் கீழே போக சந்தா கட்ட வேண்டும். பூட்டு என்போம் அலுவலகத்தில். மூன்று மாதமாகப் பூட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். “இதுக்காவது கதவத் தட்டுவாங்க பாரு” என்றார் சார்.

மாவு புளித்துப்போயிற்று. தோசைக்கு ஆகும்.

ஜூன் 6, வியாழன்

காலை பதினொன்றுக்கு வெளியிட்டோம். பூட்டு நல்ல இடத்தில் விழுந்தது. மதியத்துக்குள் இதுவரை பார்க்காத அளவுக்குச் சந்தா. சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கினார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஃபோன் ஓயவில்லை. சிலர் சண்டை, சிலர் கெஞ்சல். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். சொன்னேன்.

இடையில் தங்கை அமுதாவிடம் பேசினேன். கேன் தண்ணீர் வாங்கச் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

யாரோ நம் பட்டியலைத் திருடி வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள் என்று சார் கத்திக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நகராட்சி மறுப்பு அறிக்கை விட்டது. மறுநாளே கருங்கல் வீதியில் பொக்லைன் வந்து தோண்ட ஆரம்பித்தது. சம்சு அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினான். பல் தெரியச் சிரிக்கிறான். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

மெஷின் சரியாயிற்று. குழாயில் மகளின் பழைய சாக்ஸ் ஒன்று சிக்கியிருந்தது.

ஜூலை 11, வியாழன்

ஊரில் மஞ்சள் காமாலை. அரசு மருத்துவமனையில் இருபதுக்கு மேல் என்று சம்சு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பெரும்பாலும் தேறிவிடுவார்களாம். ஒருத்தி தேறவில்லை. சிந்துஜா, இருபத்தாறு வயது, எட்டு மாதக் கர்ப்பிணி. இந்த வகைக் காமாலை கர்ப்பிணிகளைத்தான் அதிகம் அடிக்கும் என்று டாக்டர் சொன்னாராம். குழந்தையும் இல்லை.

பாவடி நாலாம் வீதி. எங்கள் பட்டியலில் மூன்றாவது பெயர்.

சம்சு உட்காரவே இல்லை. நின்றுகொண்டே சொன்னான். “அவ வீட்டுக்காரரு என்னப் பாத்துக் கேட்டாருக்கா. ‘நீங்க திசைமணிங்களா? எம்பொண்டாட்டி அன்னைக்கு உங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணுனாளுங்களே’ன்னு. யாருக்கா பேசுனது?”

எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், யாருக்கு நினைவிருக்கும் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். எனக்கு நினைவில்லை.

ஜூலை 13, சனி

நினைவிருக்கிறது.

பகல் பன்னிரண்டேகால். அவள் பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டு வந்தாள்.

“அக்கா, ஒரே ஒரு வீதி கேக்கறனுங்க. பாவடி நாலாம் வீதி அதுல இருக்குதுங்களா, இல்லைங்களா? அது மட்டும் சொன்னாப் போதுமுங்க.”

பட்டியல் என் மேசைமேல்தான் கிடந்தது. அதன்மேல் என் முழங்கை இருந்தது.

“சந்தா கட்டினா முழுசும் படிக்கலாம்மா.”

“பணம் போடற வசதி அவரு ஃபோன்லதானுங்க இருக்குது. பட்டறையில இருக்காரு, சாயங்காலந்தான் வருவாரு.”

“அப்ப சாயங்காலம் படிச்சுக்குங்க.”

ஒருத்திக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சந்தா கட்டினவர்களை ஏமாற்றின மாதிரி. அன்று அப்படித்தான் தோன்றியது. இப்போது எழுதிப் பார்த்தாலும் தப்பான வாதமாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

நோய் அவள் உடம்பில் எந்த நாள் புகுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சம்சுவிடம் சொன்னாராம். எங்கள் செய்திக்கு முன்பே புகுந்திருக்கலாம். பின்னாலும் இருக்கலாம்.

முன்பே இருக்கலாம். முன்பே இருக்கலாம்.

ஜூலை 17, புதன்

தளத்தை யார் யார் எப்போது படிக்கிறார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ஆள் பெயர் தெரியாது, கருவி மட்டும் தெரியும். பழைய கட்டுரைகளை யாரும் தொடுவதில்லை. ஆனால் இந்தத் தண்ணீர்க் கட்டுரைக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒருவர் வருகிறார். அதே கைபேசி. காலை ஏழேமுக்காலுக்கு வருகிறது. பூட்டு வரைக்கும் இறங்கி அங்கேயே நிற்கிறது. மூன்று நிமிடம், நாலு நிமிடம். பிறகு போய்விடுகிறது.

முதன்முதலில் வந்தது எப்போது என்று பின்னோக்கித் தேடினேன். ஜூன் 6, பகல் பன்னிரண்டு பத்து.

கணினியை அணைத்துவிட்டேன். வேறு வேலை இருந்தது, செய்யவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்றும் வந்தது. நாலு நிமிடம்.

ஜூலை 19, வெள்ளி

கட்டுரையைத் திறந்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். சம்சுவும் இருந்தான்.

“இப்பத் திறந்தா நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சுலோச்சனா. எவனாவது கேஸ் போடுவான்” என்றார் சார். அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் தன் காரை விற்று எங்களுக்குக் கொடுத்தவர். “எல்லாத்தையும் சும்மா குடுத்துட்டு இருந்தமே, அப்ப யாரு வந்து நமக்குச் சோறு போட்டா?”

சம்சு அவர் பக்கம்தான் பேசினான். “அதுல ஒண்ணும் தப்பில்லீங்க சார். ஓசியா இருந்தப்ப என்னத்தக் கிழிச்சோம்? போன வருஷம் இதே குழாயப் பத்தி எழுதுனேன். விளம்பரம் குடுக்கற கான்ட்ராக்டர் ஒரு ஃபோன் பண்ணான். ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டீங்க. சந்தா வந்ததுனாலதான் ஆய்வகத்துக்கே அனுப்ப முடிஞ்சுது. காசு கேட்டது தப்பில்ல.” அப்புறம் குரலை இறக்கினான். “ஆனா பூட்ட அந்த வரியில யாரு போட்டது? மேல இருக்கற ஆறு பத்தியும் என் புலம்பலு. படிக்காமப் போனாலும் ஒருத்தருக்கும் நஷ்டமில்ல. தெருப்பேரு வர்ற இடம் பாத்து எவன் வெட்டுனான்?”

சார் என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

நான்தான்.

சார் பூட்டை இரண்டாம் பத்தியில் போடச் சொன்னார். நான்தான், “இல்லைங்க சார், ‘அந்த ஐந்து தெருக்கள் இவைதாம்’ங்கற வரி வரைக்கும் விடுவோம். அங்க வந்து நின்னா யாரும் திரும்பிப் போக மாட்டாங்க” என்றேன். என்னைப் பாராட்டினார்.

இன்னொன்று. அவள், “எனக்கு ஏழு மாசமுங்க அக்கா” என்றும் சொன்னாள். முன்பு எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

ஜூலை 27, சனி

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்தான். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். நம்பிக்கை இல்லாமல் காய்ச்சினேன். காய்ச்சி ஆற வைத்ததையும் குடிக்க முடியவில்லை. மகள் ஃபோனில், “அம்மா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?” என்றாள். சளி என்றேன்.

இந்த வாரம் ஏழு நாளும் அந்தக் கைபேசி வந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனேன். சம்சுவிடம் வீட்டு எண் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன்.

வரிசை வீடுகளில் கடைசி. லோகநாதன் வீட்டில்தான் இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லேத்துப் பட்டறை வேலை, விரல் இடுக்கில் கறுப்பு மை போல எண்ணெய். திசைமணியிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே வரச் சொன்னார். நாற்காலியில் மடித்து வைத்திருந்த சின்னத் துணிகளை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்தார்.

“கேன் தண்ணிதானுங்க. குடிங்க.”

குடித்தேன்.

அன்று ஃபோனில் பேசினது நான்தான் என்று சொன்னேன். சொல்லி முடித்தபின்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தார்.

“நீங்க சந்தா கட்டச் சொன்னீங்கன்னு சாயங்காலம் வந்ததும் சொன்னாளுங்க. நாந்தான், ‘அதுக்கெல்லாமா காசு கட்டுவாங்க, விடு, விடிஞ்சா வாட்ஸப்புல தானா வந்துரும்’னேன். ஓசியில வந்துருமுன்னு சிரிச்சனுங்க.” கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். “காசில்லாம இல்லீங்க. அன்னைக்கு வாரக் கூலி கையில இருந்துச்சு. ஒரு படத்துக்குப் போற காசு.”

“வந்துச்சா?”

“வந்துச்சுங்க. அடுத்த நாளே வந்துச்சு. நம்ம வீதி அதுல இல்லீங்க. அதுவரைக்கும் பயந்துட்டுத் தண்ணியக் காய்ச்சிட்டு இருந்தா. ‘பாத்தியா, நம்மளது இல்ல, எதுக்குக் கேஸக் கரைக்கறே’ன்னு நாந்தான் நிறுத்தச் சொன்னேன்.”

அலமாரியிலிருந்து ஒரு கைபேசியை எடுத்தார். அவளுடையது. தினமும் சார்ஜ் போடுகிறாராம். வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கடைசியாகத் திறந்து வைத்திருந்த பக்கங்களை ஒருமுறை பார்ப்பாராம். அதில் எங்கள் கட்டுரையும் ஒன்று. “சந்தா கட்டிப் படிக்கலாமுன்னு தோணுமுங்க. கட்டிப் படிச்சு அதுல நம்ம வீதி இருந்துட்டா என்ன பண்றதுன்னு மூடிருவேன். சம்சுதீன் தம்பி இருக்குதுன்னு சொல்லிருச்சு. இருந்தாலும் கண்ணால பாக்கலீங்க.”

பிறகு வாட்ஸப்பில் வந்த அந்தப் பட்டியலைக் காட்டினார்.

‘மக்களே கவனம். பழைய தபாலாபீஸ் வீதி, சந்தைப்பேட்டை ரெண்டாம் சந்து, கருங்கல் வீதி, பூக்காரர் சந்து. இந்த நாலு வீதியில தண்ணி சரியில்ல. காய்ச்சிக் குடிங்க. மத்தவங்க பயப்பட வேண்டாம்.’

எங்கள் கட்டுரையில் தபாலாபீஸ் வீதி கடைசியில் வரும். இதில் முதலில் இருக்கிறது. அமுதா குடியிருப்பது தபாலாபீஸ் வீதியில்.

“என்னங்க?” என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். பட்டறை வேலை எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று என்னென்னவோ கேட்டேன். அத்தை வீட்டில், வீதி முனையில், என்றார். சிந்துஜாவின் அம்மா. அவர் இவரோடு பேசுவதில்லையாம். சோறு மட்டும் வைப்பாராம்.

பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிடம் மனது லேசாக இருந்தது. அவரும்தானே காரணம் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அமுதாவைக் கூப்பிட்டேன். அன்று நான் சொன்னதை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன்க்கா. நாலு பேருக்கு நல்லதுதான? அங்கருந்து எங்கெங்கயோ போயிருச்சு. உன் பேரு போடலயே, ஏன்?”

“அஞ்சு தெரு சொன்னேனே அமுதா.”

“நாலுதான் சொன்னே. அப்புறம் ‘பாவடிப் பக்கம் ஒண்ணு’ன்னே. எந்த வீதின்னு கேக்கறதுக்குள்ள ஆபீஸ் ஃபோன் அடிக்குதுன்னு வச்சுட்டே. அந்தப் பக்கம் எட்டு வீதி இருக்கு, தப்பாப் போட்டு வதந்தியாயிறக் கூடாதுல்ல, அதான் விட்டுட்டேன்.”

“மத்தவங்க பயப்பட வேண்டாம்னு ஏன் போட்டே?”

“சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான். என்னக்கா ஆச்சு?”

காசு கட்டாத தங்கைக்குப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஊராருக்கு விதியைப் படித்துக் காட்டினேன். தங்கைக்குக் கொடுத்ததையும் முழுதாகக் கொடுக்கவில்லை.

அன்று அடித்த ஆபீஸ் ஃபோன் யாருடையது என்று நான் யோசிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

யோசித்தேன். பன்னிரண்டேகால். குக்கர் விசில்.

ஆகஸ்ட் 7, புதன்

லோகநாதனிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். கேட்கிறவர்கள் யாரும் இல்லை. அமுதாவுக்கே முழுதாகத் தெரியாது. தப்பான பட்டியல் யாரோ முகம் தெரியாதவன் போட்டது என்றே அவர் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். ‘நாந்தான் நம்புனேன்’ என்றே தன்னைத் தின்றுகொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று நாளாக எழுதியதைச் சாரிடம் கொடுத்தேன். பூட்டை எங்கே போடச் சொன்னேன், யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லவில்லை, தப்பான பட்டியல் எங்கிருந்து கிளம்பியது, எல்லாம். என் பெயரில். அமுதா பெயர் மட்டும் இல்லை.

சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதப் போட்டா சந்தாக்காரங்க பாதிப் பேரு போயிருவாங்க. சம்சு சம்பளத்துக்கு நான் எங்க போறது?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. பூட்டே கூடாது என்று நான் எழுதவில்லை. சம்சு அலைந்து திரிந்து கொண்டுவருவதற்கு ஊர்தான் காசு தர வேண்டும், கான்ட்ராக்டர் தரக்கூடாது. அது இன்னும் என் எண்ணம். தெருப் பெயரை அதற்குத் தூண்டில் ஆக்கியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

மாலையில் சார் என்னைக் கேட்காமலே அந்த ஐந்து பெயரையும் திறந்துவிட்டார். கட்டுரையின் முதல் வரிக்கு மேலே கொண்டுபோய்ப் போட்டிருந்தார். உயிருக்கு ஆபத்து என்றால் இனி எங்கே, எப்போது, என்ன செய்வது என்பதெல்லாம் திறந்திருக்கும், மீதிக்குத்தான் சந்தா என்று எல்லோருக்கும் எழுதி அனுப்பினார். என் கட்டுரையைத் திங்கட்கிழமை போடுவதாகச் சொன்னார். அதற்குமுன் போய் அந்த வீட்டில் நேரில் சொல்லிவிட்டு வா என்றார்.

சம்சு அதைப் படித்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லோகநாதன் வீட்டு வாசலிலேயே சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தால் மறுபடி வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம். தங்கை, நாலு பெயர், பாவடிப் பக்கம் ஒன்று, பாதியில் வைத்த ஃபோன்.

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அந்த லிஸ்ட்டு உங்க வாயிலருந்து வந்ததுங்களா?”

“ஆமா.”

“ஃபோன்ல ஒரு தடவ, அந்த லிஸ்ட்டுல ஒரு தடவ. அவ ரெண்டு தடவையும் உங்ககிட்டத்தானுங்க கேட்டிருக்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க. இத அத்தைகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. காசுக்குப் பாத்து எம்புள்ளையக் கொன்னுட்டான்னு இருக்காங்க” என்றார்.

வீதி முனை வரைக்கும் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு வீட்டு வாசலில் யாரோ குழாயைத் திறந்து குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. அன்றும் அப்படித் தெளிவாகத்தான் வந்திருக்கும்.

சிந்துஜாவின் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். லோகநாதனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்ததும், “வாங்கம்மணி, யாருங்க?” என்றார். நான் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தளம், சந்தா, பூட்டு ஒன்றும் தெரியாது. பேப்பர் ஆபீஸ் என்றேன். உங்கள் மகள் கேட்டாள், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்றேன். பிறகு தங்கையிடம் அரைகுறையாகச் சொன்னேன், அதுதான் உங்கள் மருமகன் கைக்கு வந்தது என்றேன். அவர் நம்பினதில் தப்பில்லை என்றேன்.

அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று தோள் அசைவதில்தான் தெரிந்தது. அந்த அம்மா அவரைப் பார்த்தார். எவ்வளவு நாளைக்கு அப்புறமோ, “உக்காரு லோகு” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீங்க எம்புள்ளகிட்ட நல்லபடியாப் பேசுனீங்களா அம்மணி? வெடுக்குன்னு பேசிரலியே?”

இல்லை என்றேன். நல்லபடியாகத்தான் பேசினேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டேன். அவள் இல்லைங்க என்றாள். நன்றி என்று சொல்லித்தான் வைத்தேன்.